பொறியில் விழுவது ஒரே ஈ இல்லை

கேரளத்து முதலமடை மாந்தோப்புகளில், ஆண் பழ ஈக்களை வாசனையால் இழுக்கும் மீத்தைல் யூஜினால் பொறியைக் கழற்றிக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாம் ஆண் ஈ, ஆனால் ஒரே இனம் இல்லை. இறக்கையின் முன்விளிம்பில் கறுப்புக் கோடு நுனிவரை அறுபடாமல் ஓடினால் பெரும்பாலும் டார்சாலிஸ் என்ற இனம், கோடு பாதியில் நின்று நுனியில் தனிப்புள்ளி தெரிந்தால் சொனாட்டா அல்லது கரெக்டா, அப்புறம் முகத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு உருண்டைப் புள்ளி என்றால் சொனாட்டா, குறுக்கே பட்டை என்றால் கரெக்டா. கேரியே என்று நம் தென்னிந்திய ஈ ஒன்று உண்டு, அதை டார்சாலிஸிலிருந்து பிரிக்க லென்ஸ் இல்லாமல் முடியாது.

ஆப்பிரிக்காவில் பிடித்த பழ ஈ ஒன்றை 2005இல் புது இனம் என்று இன்வாடென்ஸ் எனப் பெயரிட்டார்கள். 2015இல் உடலமைப்பு, மரபணு, இனக்கலப்பு எல்லாம் வைத்துப் பார்த்து, அதுவும் தென்கிழக்காசியாவின் பப்பாயே என்ற இனமும் டார்சாலிஸேதான் என்று சேர்த்துவிட்டார்கள். எந்த நாடு எந்தப் பழத்தை உள்ளே விடும் என்பதே இந்தப் பெயரில்தான் நிற்கிறது, அதனால் இதை ஏட்டு வேலை என்று தள்ளாதீர்கள்.

பாகல், புடலை போட்டவர்கள் கவனியுங்கள். அதைத் துளைக்கும் குக்குர்பிட்டே என்ற பழ ஈ மீத்தைல் யூஜினாலுக்கு வராது. அதை இழுக்கும் கவர்ச்சிப் பொருளைக் கடையில் கியூலூர் என்று கேட்டு வாங்குங்கள்.