ஹட்சன் நதிக்கரையில் ஒரு கொட்டகைக் கச்சேரி

ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லேண்டில் தியாகராஜ ஆராதனை முடிந்ததும் சென்னையிலிருந்து வந்த கலைஞர்கள் அமெரிக்கா முழுக்கப் பிரிந்து போவார்கள். 1978-இல் தொடங்கிய விழா அது. அதற்கு அடுத்து வரும் வாரங்கள்தான் இங்கே இருக்கும் எங்களுக்கு மார்கழிக் கச்சேரி சீசன். சனி, ஞாயிறுகளைக் கோயில்களும் சங்கங்களும் பிடித்துக்கொள்ளும். நடுவில் வரும் செவ்வாய், புதன்களில் அவர்கள் ஏதாவது ரசிகர் வீட்டில் தங்கி, அந்த வீட்டு பேஸ்மென்டில், அதாவது நிலவறையில், பாடுவார்கள். தாழ்வான கூரை, தரை முழுக்கக் கார்ப்பெட், மூலையில் உறுமும் ஹீட்டர். அதிலும் நல்ல கச்சேரிகள் கேட்டிருக்கிறேன்.

என் தோழியிடம் பேஸ்மென்ட் இல்லை, கொட்டகை இருக்கிறது. அவளும் கணவரும் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதிக்குக் கிழக்கே ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியதிலிருந்து அங்கே கச்சேரி வைக்கிறார்கள். "ஒரு நாள் முன்னாடியே வா, வேலை இருக்கு" என்றாள். அவள் வேலை என்றால் வேலைதான்.

நியூஜெர்சியிலிருந்து 87-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய் கிங்ஸ்டனில் இறங்கினேன். நேராகக் கிழக்கே திரும்பிப் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் மேற்கே கொஞ்ச தூரத்தில் வுட்ஸ்டாக் இருக்கும்போது யாருக்கு மனசு வரும்? (1969-இல் வுட்ஸ்டாக் என்ற பெயரில் நடந்த அந்தப் பெரிய ராக் இசை விழா இந்த ஊரில் நடக்கவில்லை. தென்மேற்கே தள்ளி, பெத்தேல் என்ற இடத்தில் ஒரு பால் பண்ணையில் நடந்தது. ஊர்க்காரர்களிடம் கேட்டால் சலிக்காமல் சொல்கிறார்கள்.)

கொட்டகைக் கச்சேரி என்றாலே இந்தப் பக்கத்தில் முதலில் சொல்லப்படும் பெயர் லெவான் ஹெல்ம். 'தி பேண்ட்' என்ற ராக் குழுவின் டிரம்மர், பாடகர். வுட்ஸ்டாக்கில் அவருடைய வீடும் ஸ்டூடியோவும் ஒரே மரக் கொட்டகைதான். 1991-இல் அது தீப்பிடித்தது, திரும்பக் கட்டினார். 1998-இல் தொண்டைப் புற்றுநோய் வந்து குரல் போயிற்று. மருத்துவச் செலவு கழுத்தை நெரித்தபோது, 2004-இல் வீட்டையே அரங்கமாக்கி, சனிக்கிழமை இரவுகளில் கச்சேரி வைக்க ஆரம்பித்தார். 'மிட்நைட் ராம்பிள்' என்று அதற்குப் பெயர். வருகிறவர்கள் கையில் ஏதாவது சாப்பாடு கொண்டுவருவார்கள், எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். மெல்ல மெல்லக் குரலும் ஓரளவு திரும்பியது. 2012-இல் அவர் மறைந்த பிறகும் அங்கே கச்சேரிகள் நிற்கவில்லை.

அதே ஊரின் ஓரத்தில், காட்டுக்குள் மேவரிக் அரங்கம். 1916-இல் ஹெர்வி வைட் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து மரத்தால் கட்டியது, பார்த்தால் பெரிய கொட்டகை போலவே இருக்கும். வெளியே மரங்களுக்கு அடியிலும் பெஞ்சுகள் உண்டு. கோடையில்தான் கச்சேரிகள் என்பதால் நான் போன மே மாதத்தில் பூட்டியிருந்தது. 1952 ஆகஸ்ட் 29 அன்று டேவிட் டியூடர் இங்கேதான் பியானோ முன் உட்கார்ந்து, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் படைப்பு ஒன்றை நான்கு நிமிடம் முப்பத்துமூன்று விநாடிக்கு ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் நிகழ்த்தினார். வெளியே காற்று அடித்தது, கூரைமேல் மழைத்துளி விழுந்தது, கடைசியில் ஜனங்கள் முணுமுணுத்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். கேட்க வேண்டியது அதுதான் என்றார் கேஜ். படித்தபோது குறும்பாகத்தான் தோன்றியது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் வேறு எந்த அரங்கிலும் அது எடுபட்டிருக்காது என்று தோன்றுகிறது. கான்கிரீட் கட்டடத்துக்குள் மழை எங்கே கேட்கும்?

தோழியின் கொட்டகை டச்சுக் குடியேறிகள் கட்டிய வகை. எச் எழுத்து வடிவத்தில் கனமான உத்தரங்கள், மர ஆணி அடித்து இணைத்தவை. நடுவில் கதிரடிக்கும் தளம், இரண்டு பக்கமும் மாடு கட்டும் இடம், இரு முனைகளிலும் வண்டி நுழைந்து வெளியேறும் அளவுக்கு அகலக் கதவுகள். கூரை உயரம். பலகைகளுக்கு இடையே வெளிச்சம் கசியும். சுவர் வழவழப்பாக இல்லாததால் சத்தம் பட்டென்று திரும்பி வந்து குழப்புவதில்லை. உத்தரத்தில் குருவிக் கூடு.

வேலை என்னவென்றால், முதலில் புல் வெட்டுவது. கார் நிறுத்தும் இடத்தில் புல் கணுக்காலுக்கு மேல் இருந்தால் உண்ணி ஏறும். உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்தப் பள்ளத்தாக்கில் சாதாரணம். அடுத்து, மிச்சமிருந்த வைக்கோலை முழுக்க அப்புறப்படுத்தி, தீயணைப்பான்களை இரண்டு கதவுக்கும் பக்கத்தில் வைத்தோம். மெழுகுவத்தி அழகாக இருக்குமே என்று யாரோ போன வருஷம் கேட்டார்களாம். லெவான் ஹெல்ம் கதையைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்பதைத் தீர்மானிப்பது கொட்டகையின் அளவு என்று நினைத்திருந்தேன். இல்லை, செப்டிக் டேங்க். கிராமப்புற வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, இடைவேளையில் எண்பது பேர் வரிசையில் நின்றால் என்னாவது? அதனால் நாற்பது சொச்சம் பேர்தான். வருவதாக உறுதி சொன்னவர்களுக்கு மட்டும் முகவரி போகும். டிக்கெட் இல்லை. வாசலில் ஒரு கூடை, ஆளுக்கு 25 டாலர் போட்டால் நல்லது என்று அழைப்பிலேயே சொல்லிவிடுவாள். அதில் ஒரு காசு அவள் தொடமாட்டாள். சாப்பாடும் படுக்கையும் அவள் பொறுப்பு.

அந்த நாற்பது பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவள் சூட்சுமம் இருக்கிறது. போன தடவை பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவருக்கு இந்தத் தடவை அழைப்பு கிடையாது. சொந்தக்காரராக இருந்தாலும் சரி. "எனக்குக் கூட்டம் வேணாம், காது வேணும்" என்பாள். கண்டிப்பு கொஞ்சம் அதிகம் என்று நானும் நினைத்ததுண்டு.

புதன் மதியம் மூவரும் வந்தார்கள். பாடகி இளையவர், வயலின், மிருதங்கம் இருவரும் மூத்தவர்கள். நீண்ட கார்ப் பயணம். தோழி எதுவும் பேசவில்லை. அறையைக் காட்டி, வெந்நீர் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று எங்களிடம் சொல்லிவிட்டாள். கலைஞர்களோடு செல்ஃபி, அந்தக் காலத்துப் பாடகர் மதுரை மணி பற்றிய கதை, குழந்தையை ஒரு வர்ணம் பாடச் சொல்வது, இதெல்லாம் விருந்தோம்பல் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு வேண்டியது தூக்கம்.

மாலையில் பாடகி மேடையைப் பார்த்தார். மேடை என்றால் நாலு விரல் உயரப் பலகையும் ஒரு ஜமக்காளமும்.

"அக்கா, மைக் இல்லாம நிஜமாவே போதுமா?"

"பாடிப் பாரும்மா."

ஒரே ஒரு ஷட்ஜம், அதாவது 'ஸ', பிடித்தார். கடைசி வரிசை வரை போயிற்று. அப்புறம் அவர் மைக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. மைக் பரவுவதற்கு முந்தைய நாடக மேடையில் நடிகரும் பாடகருமான கிட்டப்பா எப்படிப் பாடியிருப்பார் என்று நாம் வியப்பதில் பாதிப் பதில் கட்டடத்தில் இருக்கிறது.

மிருதங்கக்காரருக்குத்தான் சோதனை. மழைக்கு முந்தைய ஈரக் காற்று, தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. இடப்பக்கத் தொப்பிக்கு ரவையைப் பிசைந்து ஒட்டுவதையும், கல்லும் கட்டையுமாக வலப்பக்க வலந்தலையைச் சுற்றித் தட்டித் தட்டி ஏற்றுவதையும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்தார். அவர் பார்த்த முதல் கச்சேரி அந்தத் தட்டல்தான் என்று சொல்லலாம்.

முதல் பாதியை ஒரு மணி நேரத்தில் முடித்து இடைவேளை விட்டார்கள். குறுந்தகடு விற்பதும், கழிவறை வரிசையும், லெமனேடும் அப்போதுதான். பிரதான உருப்படி இரண்டாம் பாதியில், கல்யாணி ராகம். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை பாதியில் தகரக் கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது. சபாவில் என்றால் ஒலிப்பெருக்கியை ஏற்றுவார்கள். இங்கே பாடகி குரலைத் தாழ்த்தினார். நாற்பது பேரும் அறியாமலே முன்னால் சாய்ந்தார்கள். வயலின்காரர் வில்லை அழுத்தாமல் அதே மெல்லிய அளவில் பதில் சொன்னார். ஒருவரும் இருமவில்லை. தோழியின் கண்டிப்புக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. பேசுகிற ஆள் ஒருவர் இருந்திருந்தாலும் பாடகி குரலை ஏற்றியிருப்பார், அந்தக் கல்யாணி கிடைத்திருக்காது.

மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்தில் மழை விட்டது. பண்ணைக்காரர் எங்களைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டார், தப்பாகத்தான். முத்தாய்ப்பான கோர்வை முடிந்து எல்லோரும் சமத்தில், தாளத்தின் முதல் தட்டில், வந்து விழுந்தபோது அவரும் வந்து விழுந்தார்.

இரவு பத்தரைக்கு மிளகு ரசமும் அப்பளமும். கூடையை எண்ணினால் ஆயிரம் டாலருக்கு மேல். மூன்று பேருக்குப் பங்கு பிரித்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் வெறுமனே ஓட்டலில் கழிந்திருக்க வேண்டிய புதன்கிழமை, அறை வாடகையும் மிச்சம்.

மறுநாள் விடிந்ததும் பாஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஜூனில் ஒரு ஃபிடில் ஜோடி வருகிறதாம், அதுவும் புதன்கிழமை. புல் அதற்குள் வளர்ந்துவிடும், முந்தின நாளே வந்துவிடு என்று தோழி சொல்லியிருக்கிறாள்.