மேல்முறையீட்டில் நான் வெறும் சாட்சி

மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான 498ஏ வழக்கில் என் கணவருக்கு ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. அன்று மாலையே இரண்டு ஜாமீன்தாரர்களோடு எனக்கு முந்தி ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். தண்டனை மூன்றாண்டுக்கு மேற்படாவிட்டால், மேல்முறையீடு செய்வதற்காக அதே நீதிமன்றமே அதை நிறுத்திவைக்கலாமாம். சட்டம் அப்படித்தான். எங்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மதுரை அமர்வு நீதிமன்றத்தில் அவர் மேல்முறையீடு செய்தது, ரேஷன் கடை வரிசையில் நாத்தனார் பெருமை பேசித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு நோட்டீஸ் வரவில்லை, மேல்முறையீட்டில் அவருக்கு எதிர்த்தரப்பு அரசுதான். கெடு 30 நாள்தான் என்றாலும், தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள்கள் அதில் சேராது. முப்பத்தோராம் நாள் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அவர் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே இருங்கள்.

தீர்ப்பு நகல் அவருக்கு இலவசம். எனக்கோ மனு, முத்திரைத்தாள், அலைச்சல். நகலுக்கு முத்திரைத்தாள் கேட்டு நீதிமன்றத்தில் ஒட்டிய பட்டியலை வேறொரு தாள் மறைத்திருந்தது. தாள் கொடுக்கும் கெடு போய்விட்டதென்று நகல் மனுவையே தள்ளிவிட்டார்கள். கேட்டதற்கு, “நீங்கள் சாட்சிதானே அம்மா, உங்களுக்கு எதற்கு?” என்றார் ஓர் ஊழியர். அடி வாங்கியவள் நான். தீர்ப்பில் என் பெயர் அ.சா.1, அரசுத் தரப்பின் முதல் சாட்சி! மறுபடி மனுப் போட்டேன்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். எனக்குக் கிடைத்த வழக்கறிஞர் அம்மா கெட்டிக்காரர். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக இருக்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, எழுத்துமூல வாதமும் கொடுத்தார். புகார் தாமதம், எல்லாம் பின்னால் சோடித்த கதை என்றது கணவர் தரப்பு. புகாருக்கு முன்பே அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘கணவர் அடித்ததாக’ என்று எழுதியிருந்ததை என் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். அந்த ஒரு வரியில் அவர்கள் வாதம் படுத்துவிட்டது. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

குற்றம் உறுதியானது, தண்டனை ஆறு மாதமாகக் குறைந்தது. தண்டனை போதாதென்று நான் மேல்முறையீடு செய்ய முடியாது, அரசுதான் செய்ய வேண்டும். இழப்பீடு போதாதென்றால் மட்டுமே எனக்கு வழியுண்டு. இப்போது கணவர், தீர்ப்பு சரிதானா என்று பார்க்கக் கேட்கும் சீராய்வு மனுவோடு ஒத்தக்கடைக்கு, உயர் நீதிமன்றக் கிளைக்குப் போயிருக்கிறார். இந்த முறை நாத்தனார் சொல்வதற்கு முன்பே வழக்கு எண் என் கையில் இருந்தது.