அரியர் விழுந்த சுற்றுச்சூழல் தாளும் பாலாற்று மணலும்

வேலூரில் பி.காம். படித்த மூன்று ஆண்டுகளில் நான் தோற்ற ஒரே தாள், யாரும் தோற்க மாட்டார்கள் என்று எல்லோரும் சொன்ன சுற்றுச்சூழல் கல்வி. கணக்குப் பதிவியலுக்கு இரவெல்லாம் விழித்த நான், இதற்கு மட்டும் தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில் கைடைப் பிரித்தேன். எழுத்துத் தேர்வில் 75-க்கு 24 வந்தது. தேற 30 வேண்டும். களப்பணிக்கு உரிய 25-இல் எனக்கு 18 கிடைத்திருந்ததால் கூட்டுத்தொகை என்னவோ நாற்பதைத் தாண்டியது, ஆனால் விதி விதிதான். அந்த 18 எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வணிகவியல் மாணவிக்கு உணவுச் சங்கிலி எதற்கு என்று நானும் கேட்டவள்தான். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கற்பிக்க உத்தரவிட்டது. அதைச் செயல்படுத்துமாறு 2003-இல் மீண்டும் வலியுறுத்திய பிறகு, எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. எட்டு அலகுகள், ஐம்பது வகுப்புகள். அவற்றில் ஐந்து வகுப்புகளின் நேரம் களப்பணிக்கு உரியது. எங்கள் கல்லூரியில் அந்த ஐந்தும் நடக்கவில்லை. முந்தைய ஆண்டு மாணவியரின் பதிவேடுகள் விடுதியில் கைமாறிக்கொண்டிருந்தன. நானும் ஒன்றை வாங்கி, குளத்தின் படத்தை மட்டும் சற்று மாற்றி வரைந்து ஒப்படைத்தேன்.

அரியர் எழுதும் முன், விலங்கியல் துறையில் பணியாற்றிய ஒரு பேராசிரியையிடம் என் விடைகளை நினைவிலிருந்து சொல்லிக் காட்டினேன். சூழலியலாளர் லிண்டமன் 1942-இல் வகுத்த பத்து சதவீத விதியைப் பற்றி, "ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பத்து சதவீதப் பொருள் மட்டுமே செல்கிறது, மீதி அழிகிறது" என்று எழுதியிருந்தேன். அங்கேயே அவர் நிறுத்திவிட்டார். கடந்து செல்வது ஆற்றல். புல்லில் 10,000 கிலோ ஜூல் இருந்தால் வெட்டுக்கிளியில் ஆயிரமும், தவளையில் நூறும், பாம்பில் பத்தும்தான் தங்கும், மீதியில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாக வெளியேறிவிடும், திரும்பி வராது. பொருளோ எங்கும் போவதில்லை. கரியும் நைட்ரஜனும் மண்ணுக்கும் காற்றுக்கும் உயிருக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். ஆற்றல் ஒருவழிப் பாதை, பொருள் சுழற்சி என்ற இந்த வேறுபாடு பிடிபடாமல் மூன்றாம் அலகை மனப்பாடம் செய்தது, பற்று எது வரவு எது என்று தெரியாமல் பேரேடு எழுதியதைப் போன்றது.

களப்பணியை உண்மையாகவே செய்துவிட்டு வா என்றார். களப்பணிக்கான அக மதிப்பெண் அரியரில் மாறாது என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். அரை மனத்தோடுதான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் கிராமம் பாலாற்றங்கரையில், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. நீரில்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் நிறைந்து ஓடி, பழைய புதர்களை அடித்துக்கொண்டு போய்ப் புதுமணலைப் பரப்பிவிட்டிருந்தது. அடுத்த கோடையில் அந்த மணலில் நான்கு குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் அமைத்தேன். இதைத்தான் குவாட்ரட் என்கிறார்கள். நல்ல செடி இருக்கும் இடமாகத் தேடிச் சதுரம் போடக் கூடாது என்பது முதல் விதி. கண்ணை மூடிக் கல்லை எறிந்து, அது விழுந்த இடத்தில் போட்டேன். இரண்டு நாள் காலை வெயில் ஏறுவதற்குள் பத்துச் சதுரங்களை எண்ணி முடித்தேன். ஆடு மேய்க்க வந்த பெரியம்மா ஒருவர், புதையல் எடுக்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சீமைக் கருவேலக் கன்றுகள் மொத்தம் 21, ஏழு சதுரங்களில். தும்பைச் செடிகள் 24, இரண்டே சதுரங்களில். அடர்த்தி என்பது மொத்த எண்ணிக்கையை எல்லாச் சதுரங்களாலும் வகுப்பது. அதன்படி கருவேலத்துக்கு 2.1, தும்பைக்கு 2.4. அடர்த்தியை மட்டும் பார்த்தால் தும்பைதான் அந்த மணலின் முதன்மைச் செடி. ஆனால் ஒரு செடி எத்தனை சதவீதச் சதுரங்களில் தென்படுகிறது என்ற நிகழ்வெண்ணைக் கணக்கிட்டால் கருவேலம் 70, தும்பை 20. மிகுதியோ, செடி இருக்கும் சதுரங்களால் மட்டும் வகுப்பது என்பதால், 3-க்கு எதிராக 12 என்று தலைகீழாகிறது. தும்பை ஓரிடத்தில் கூட்டமாக நிற்கிறது; கருவேலம் மூன்று மூன்றாக எங்கும் பரவியிருக்கிறது. காய்களை ஆடுமாடுகள் தின்று, விதைகள் செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைப்பதும், வெள்ளமே விதைகளைக் கொண்டுவந்து போடுவதும் இதற்குக் காரணம். மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் ஆற்றங்கரை புரியும் என்று கண்டபோது, புள்ளியியல் வகுப்பில் சராசரியை மட்டும் நம்பாதே என்று சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. இவ்வளவு சுவையான கணக்கை ஏன் கைடில் இரண்டு வரியில் முடித்திருந்தார்கள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது கிணறு. கடன் வாங்கிய டி.டி.எஸ். மீட்டரை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்தபோது, லிட்டருக்கு 2,300 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 500. வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. தோல் தொழிற்சாலைகள் தோலைப் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் எங்கள் கிணற்றில் இருப்பதற்கு இதுவே சான்று என்று உற்சாகமாக எழுதினேன். பேராசிரியை அதை அடித்தார். அந்தக் கருவி கரைந்த உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டுமே தவிர, எந்த உப்பு என்று சொல்லாது. குரோமியத்துக்கு ஆய்வகச் சோதனை வேண்டும். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைப் போலக் குரோமியமும் உணவுச் சங்கிலியில் படிக்குப் படி பெருகும் என்று எழுதியிருந்த பத்தியும் அடிபட்டது. அது மண்ணில் சேரும், அதன் ஆறு இணைதிறன் கொண்ட (குரோமியம்-6) வடிவம் புற்றுநோயை உண்டாக்கும், ஆனால் டி.டி.டி.யைப் போலவோ மெத்தில் பாதரசத்தைப் போலவோ மேல்நிலை உயிர்களில் பெருகிச் செல்வது அதன் இயல்பு அன்று. கோபம் சரியாக இருந்தாலும் வேதியியல் தவறாக இருந்தால் மதிப்பெண் கிடையாது என்றார்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர், இருபது ஆண்டுகளாகத் தோல் கம்பெனியில் வேலை செய்யும் என் அப்பா. அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் பச்சைத் தோல் வருகிறது; முதலில் ஊறவைக்கும் தண்ணீரிலேயே அந்த உப்பு இறங்கிவிடும், சுண்ணாம்பும் குரோமும் அதற்குப் பிறகுதான் என்றார். சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தின்னா. அதனால்தான் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவைப்படுகின்றன என்று நான் படித்ததைச் சொன்னேன். அப்பா சிறிது நேரம் கழித்து, "அந்தத் தண்ணிதாம்மா உன் ஃபீஸும் கட்டுச்சு" என்றார். அதற்கு எந்த அலகிலும் விடை இல்லை.

ஆறாம் அலகில் வரும், முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் கேட்டை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டையும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது; முதல் முறை படித்தபோது அந்தப் பெயரைக் கூட நான் கவனிக்கவில்லை. ஒரு கிலோ பதப்பட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. எங்கள் வீட்டுக் குடத்தில் இரண்டுக்கும் மேல். அதே பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

அடுத்த பருவத்தோடு அரியர் எழுதினேன். ஆற்றல் ஓட்டம் பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது, நீர் மாசும் வந்தது. மக்கள்தொகை அலகை மட்டும் பழையபடி மனப்பாடம்தான். 75-க்கு 49 கிடைத்தது. மதிப்பெண் பட்டியலில் அதன் பக்கத்தில், நகலெடுத்த பதிவேட்டுக்குக் கிடைத்த அதே 18 அப்படியே நிற்கிறது. ஆற்றுமணல் ஒட்டிய என் குறிப்பேட்டை யாரும் மதிப்பிடவில்லை.