இலையே இல்லாமல் பூக்கும் கடல் வெங்காயம்

கிரேக்கம், ஸ்பெயின் கடலோரப் பாறைகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஓர் இலைகூட இல்லாமல் ஒன்றரை மீட்டர் வரை வெள்ளைப் பூத்தண்டு நிற்கிறதா? கடல் வெங்காயமாக இருக்கலாம். நம் நரிவெங்காயத்தின் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். பூ முடிந்த பிறகே அகலமான இலை வரும்.

குழப்புவது ஆஸ்ஃபோடல் என்ற இன்னொரு செடி. அது பூப்பது வசந்தத்தில், இலையோடு. வெள்ளை இதழின் நடுவே பழுப்புக் கோடு ஓடும்.

இன்னும் சந்தேகமா? கையுறை போட்டு அடிமண்ணை லேசாக விலக்குங்கள். கடல் வெங்காயம் என்றால் ஏடு ஏடாக உரியும் பெரிய குமிழ். பல நேரம் பாதி வெளியிலேயே தெரியும். ஆஸ்ஃபோடலுக்குக் கொத்தாக வேர்க்கிழங்குகள். பார்த்ததும் மண்ணை மூடிவிடுங்கள். குமிழின் சாறு தோலை அரிக்கும், உள்ளே போனால் இதயத்தைத் தாக்கும்.

என்ன செடி என்று கேட்டுப் படம் அனுப்பும்போது பூவோடு தண்டின் அடிப்பகுதியையும் எடுங்கள். மாதத்தையும் எழுதுங்கள், தயவுசெய்து!