பரமீசியத்துக்கு மேல் எது, கீழ் எது: மூன்றாவது வாரம்

பரமீசியம் ஒற்றைச்செல் நீர்வாழ் உயிர். அதற்கு மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான் புட்டியில் வளர்க்கிறேன். முதல் இரண்டு வாரம் வீண். காய்ந்த லாலாங் புல்லைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகு, செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தேன். புட்டியில் நீர் குறைந்ததும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். மறுநாள் ஒன்றுகூட அசையவில்லை. குளோரின் வேலையாகத்தான் இருக்கும். இந்தத் தடவை மழைத்தண்ணீர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழைக்கா பஞ்சம்?

ஆறாம் நாள் புட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தேன். நீர்மட்டத்தை ஒட்டி வெண்பொடி தூவியதுபோல் ஒரு வளையம், மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. பரமீசியம் கால் மில்லிமீட்டர்தான். ஆனாலும் வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும்.

அம்மா எட்டிப் பார்த்தார். "காத்துக்கு மேல வருதுடா, தொட்டி மீனு மாதிரி."

நியாயமான சந்தேகம். காற்றே இல்லாமலும் ஏறுமா என்று பார்க்கணும். மீன் தொட்டிக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சாண் வெட்டி, புட்டித் தண்ணீரை நிரப்பி, இரு முனையையும் மெழுகுக் களிமண்ணால் அடைத்தேன். முதல் முறை குமிழி நின்றுவிட்டது; மறுபடி நிரப்பினேன். ரூலரில் கட்டி நிறுத்தித் துணியால் மூடினேன். கால் மணி நேரத்தில் மேல்முனையில் கூட்டம். தலைகீழாகத் திருப்பினேன். கோப்பி முடிவதற்குள் கலைந்து, புதிய மேல்முனைக்குப் போகத் தொடங்கிவிட்டன. மூன்று முறையும் இதேதான். படுக்க வைத்தால் கூட்டமே இல்லை. புளிக்காடி விட்டுக் கொன்றவை அடியில் படிந்தன. ஆக, தண்ணீரைவிடக் கனமானவைதான், நீந்தித்தான் ஏறுகின்றன.

எனக்குப் பிடித்த விளக்கம் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் ஹான்ஸ் மாகெமர் குழுவினர் 1991இல் எழுதியது. செல்லுக்குள் இருக்கும் சரக்கு தண்ணீரைவிடக் கனம். அது கீழ்ப்பக்கச் சவ்வை அழுத்துகிறது. மேலே நீந்தும்போது அழுத்தம் பின்முனையில்: பொட்டாசியம் வெளியேறும், சிலியா, அதாவது நீந்த உதவும் நுண்மயிர்கள், வேகமாக அடிக்கும். கீழே போகும்போது முன்முனையில்: கால்சியம் உள்ளே வரும், வேகம் குறையும். மூழ்கும் நஷ்டத்தில் ஒரு பங்கு இப்படி ஈடாகிறது. மேல்நோக்கித் திரும்புவது எதனால் என்பது வேறு வழக்கு. உடலின் வடிவமும் பின்பக்கக் கனமுமே போதும் என்பவர்களும் உண்டு.

ஏறும் வேகம், இறங்கும் வேகம் இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து அளக்கப் பார்த்தேன். வினாடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், அதுவும் திருகுபோல் சுழன்றபடி. எதை எண்ணினேன் என்றே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அடுத்து லோக்ஸோடஸ், இன்னொரு ஒற்றைச்செல் உயிர். மேல் கீழ் அறிவதற்கென்றே அதற்குப் பேரியம் சல்ஃபேட் உருண்டை கொண்ட தனி உறுப்பு உண்டு. காற்று குறைந்த அடிச்சேற்றில் இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை கால்வாயில் இறங்கணும். சேற்றுப் புட்டி வாசலைத் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.