மணலில் பழகிய கால்கள்

கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஒரு பையன் வந்து சேரும்போது அவனுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். டிகிரி மூன்று வருடம். முதல் வருடம் பூட் போட்டு ஓடப் பழகுவான். இரண்டாம் வருடம் எந்த இடத்தில் ஆடுவது என்று பிடிபடும். மூன்றாம் வருடம்தான் நிஜமாக ஆட ஆரம்பிப்பான். அப்புறம் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான். இருபத்திரண்டு வருடமாக இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை.

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தேங்காய்ப்பட்டணம் தாண்டி நீரோடி வரைக்கும் கடற்கரை ஊர்கள் நெருக்கமாக இருக்கும். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை. எங்கள் அணியில் பாதிக்கு மேல் அந்த ஊர்ப் பையன்கள்தான். அப்பாவும் அண்ணனும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். இவர்கள் நடக்கப் பழகிய நாளிலிருந்து மணலில் பந்து உதைப்பவர்கள்.

மணலில் பந்து எழும்பாது, உருண்டும் ஓடாது. அதனால் கால்விரலால் அடியில் கொடுத்துத் தூக்கித்தான் ஆடுவார்கள். கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். அதே பலத்தோடு செம்மண் மைதானத்தில் தட்டினால் பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும். அதனால் முதல் ஒரு மாதம் பத்தடி தூரத்துக்குப் பாஸ் மட்டும்தான். பாதத்தைத் திருப்பி, அதன் உள்பக்கத்தால் மெதுவாகத் தட்ட வேண்டும். "சாரே, கோல் அடிக்க எப்ப விடுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பூட் இன்னொரு பாடு. வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். கடையில் கிடைக்கும் பூட் சுண்டுவிரலை நெரிக்கும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, தண்ணீரில் நனைத்து, இரண்டு சாக்ஸ் மாட்டி, சாயங்காலம் அரை மணி நேரம் சும்மா நடக்கச் சொல்வேன். அப்படியும் குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத்தான் கழற்ற வேண்டும். எத்தனை கால்களுக்கு அப்படிச் செய்திருப்பேன் என்று கணக்கில்லை.

செவன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு பேர் ஆட்டம், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும், கையில் காசு கிடைக்கும். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு முந்தின ராத்திரி அங்கே ஆடிவிட்டு வீங்கிய கணுக்காலோடு வந்த ஒருவனை அணியிலிருந்து நீக்கினேன். அவன் பந்தையும் விட்டான், படிப்பையும் விட்டான், படகுக்குப் போய்விட்டான். நான் செய்தது தப்பு. அந்தக் காசு எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு செவன்ஸுக்குப் போகாதே என்று யாரிடமும் சொல்வதில்லை. போவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிடு என்பேன். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு முன்கூட்டியே தகவல் போய்ச் சேரவில்லை. மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. நான் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கோயில் முற்றத்தில் ஊரே நின்றது. எங்கள் கோல்கீப்பரின் அண்ணன் போன படகைப் பற்றித் தகவல் இல்லை. என்னைப் பார்த்ததும் அவன், "சாரே, நாளைக்குப் பிராக்டிஸ் உண்டா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் திரும்பி வரவில்லை. ஜனவரியில் ஒருநாள் அவனாகவே மைதானத்துக்கு வந்தான். கையுறை மாட்டி, கோல் போஸ்ட்டுக்கு நடுவில் நின்று, "அடிங்க சாரே" என்றான். இருட்டும்வரை அடித்தேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, பந்தை எடுத்து எடுத்துத் திருப்பி எறிந்தான். அந்த வருடம் நாங்கள் எந்தக் கோப்பையும் ஜெயிக்கவில்லை. என் வேலையில் எனக்கு முக்கியமான வருடம் அதுதான்.

இந்த ஊர்களிலிருந்து பெரிய ஆட்டத்துக்குப் போனவர்களும் உண்டு. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியில் சென்னை சிட்டி அணிக்கு ஆடி, அப்புறம் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கில் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். அவருடைய சகோதரர் ரெஜின் 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தார். அவர்கள் என்னிடம் படித்தவர்கள் இல்லை. ஆனால் பிராக்டிஸ் முடிந்து ஒரே போனில் பத்துத் தலைகள் குனிந்து அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கும்போது, மறுநாள் யாரையும் காலையில் எழுப்ப வேண்டியிருக்காது.

போன வாரம் புதுப் பையன்களுக்குத் தேர்வு வைத்தேன். ஒல்லியாக ஒருவன், வெறுங்காலோடு, உயரத்தில் வந்த பந்தை அப்படியே காலில் வாங்கி நிறுத்தினான். பந்து ஒரு சாண்கூட நகரவில்லை.

"எந்த ஊர் மக்களே?"

"வள்ளவிளை சாரே."

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வந்துரு. பூட் என்ன சைஸ்?"

"தெரியாது சாரே. போட்டதில்ல."

நோட்டை எடுத்து மண்ணில் வைத்து, அவன் காலை அதன்மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன்.