கார்பன் வண்டியா, கால்களா? வேலூர்ச் சாலைகளில் செய்து பார்த்தது

பொங்கல் கழிந்ததிலிருந்து ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டி வருகிறேன். சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு, எடை குறைந்த கார்பன் இழை ஃபிரேம் போட்ட வண்டி வாங்கினால் வேகம் கூடுமா, இருக்கிற அலுமினிய வண்டியிலேயே கடுமையாகப் பயிற்சி எடுத்தால் கூடுமா? நான் பந்தயங்களில் ஓடுகிறவன் அல்ல. அலுவலகம் போகும் முன், வெயில் ஏறுவதற்குள் ஓட்டிவிட்டுத் திரும்புகிறவன். ஆனாலும் போன மாதத்தைவிட இந்த மாதம் வேகமாகப் போக வேண்டும் என்கிற ஆசை எனக்கு மிகவும் உண்டு. கடைக்காரர் சொல்வதையும் நண்பர்கள் சொல்வதையும் கேட்டு முடிவெடுப்பதைவிட, எங்கள் ஊர்ச் சாலையிலேயே அளந்து பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன்.

அளக்க மூன்று சாலைகள். சமதளத்துக்கு வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகக் கண்ணமங்கலம் போகும் சாலை. அருகிலிருக்கும் ஏற்றத்துக்கு ஓட்டேரிப் பக்கம் பாலமதி மலை. நீண்ட ஏற்றத்துக்கு ஏலகிரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன் என்பது விதி. டயரை மாற்றிய வாரத்தில் வேறு எதையும் தொட மாட்டேன். கிளம்பும் நேரம், காற்றின் திசை, டயரில் இருந்த காற்றழுத்தம், இதயத்துடிப்பு எல்லாம் நோட்டில் ஏறும். காற்றை எழுதாமல் விட்டால் மற்ற எண்களுக்கு மதிப்பே இல்லை. ஆடியில் கண்ணமங்கலம் நோக்கிப் போகும்போது முகத்தில் அறைகிற காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த நாளில் திரும்பி வந்த நேரத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் யாருக்கும் பயனில்லை.

முதலில் எடை. நண்பர் ஒருவர் தன் கார்பன் வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். என் வண்டியைவிட இரண்டரைக் கிலோ குறைவு. ஒரு கையால் தூக்கும்போதே அந்த வித்தியாசம் மனத்தை மயக்குகிறது. ஆனால் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரத்துக்கு அந்த எடையைத் தூக்க ஏறத்தாழ 78,500 ஜூல் ஆற்றல் வேண்டும். கால்கள் 200 வாட் கொடுத்தால் 392 விநாடி பிடிக்கும். இரண்டரைக் கிலோவைக் குறைத்தால் 380 விநாடி. அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 12 விநாடி மிச்சம். அதே 80 கிலோவோடு கால்கள் 20 வாட் கூடுதலாகக் கொடுத்தால்? 357 விநாடி. மிச்சம் 35 விநாடி. காற்றுத் தடையையும் சாலையின் உராய்வையும் சேர்த்துக்கொண்டால் எண்கள் சற்று மாறும், வரிசை மாறாது.

ஏலகிரியில் இதை நேரில் பார்த்தேன். பொன்னேரியிலிருந்து மேலே போகும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கபிலர், ஔவை என்று புலவர்களின் பெயர்களும் பாரி, ஓரி என்று வள்ளல்களின் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்றம் இது. சரிவு ஓரளவு சீராக இருப்பதால் கால்களின் திறனை மதிப்பிடத் தனிக் கருவி தேவையில்லை. எடையும் ஏறிய உயரமும் எடுத்துக்கொண்ட நேரமும் தெரிந்தால் வாட் தானாக வந்துவிடும். நண்பரின் வண்டியில் ஏறிய நேரத்துக்கும் என் வண்டியில் ஏறிய நேரத்துக்கும் இடையே வித்தியாசம் இருந்தது. கணக்கு சொன்ன அளவில்தான் இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த நாளுக்கும் சரியாகத் தூங்காத நாளுக்கும் இடையே வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. தையிலிருந்து ஆனிக்குள் என் உடல் எடை கார்பன் ஃபிரேம் மிச்சப்படுத்தும் அளவைவிடச் சற்று அதிகமாகவே குறைந்தது. காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் சோற்றைக் குறைத்தது, அவ்வளவுதான். அதற்கு லட்ச ரூபாய் ஆகவில்லை.

எடையைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. மலையே இல்லாத சாலையில் அது கண்ணுக்கே தெரியாது.

டயர் வேறு கதை. காட்பாடியில் நான் போகும் கடையின் அண்ணன் தொடக்கத்திலேயே சொன்னார்: “ஃபிரேமை அப்புறம் பார்க்கலாம் சார், முதலில் தரையைத் தொடுவதைப் பாருங்கள்.” வண்டியோடு வந்த டயர் கெட்டியான ரப்பர், 25 மில்லிமீட்டர் அகலம், அதில் 110 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடித்து ஓட்டுவது எங்கள் குழுவில் எல்லோருக்கும் வழக்கம். கல்போல இருந்தால் வேகம் என்ற நம்பிக்கை. ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் சாலையில் அது உண்மையில்லை. கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கிப் போடுகிறது. முன்னே போக வேண்டிய ஆற்றல் உடம்பின் குலுக்கலில் தொலைகிறது. 28 மில்லிமீட்டர் மென்மையான டயருக்கு மாறி, பின்னால் 80, முன்னால் 75 பவுண்டு வைத்தேன். முதல் நாளே கணியம்பாடி தாண்டியதும் உள்ளங்கை மரத்துப்போவது நின்றது. கணக்கிலும் இது தெரியும்: உருளும்போது ஏற்படும் தடையின் கெழு 0.006 இலிருந்து 0.004 ஆகக் குறைந்தால், 80 கிலோவுக்கு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 13 வாட் மிச்சம். ஏறும்போதும் இறங்கும்போதும் சமதளத்திலும், வண்டி உருளும் நேரமெல்லாம் கிடைக்கும் மிச்சம் அது. பணத்துக்கு ஏற்ற பலன் தந்த பொருள் என்று கேட்டால் தயங்காமல் டயரைச் சொல்வேன்.

இனி இந்தக் குறிப்பில் நான் மிகவும் சொல்ல விரும்புவது: உட்காரும் நிலை.

சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கால்கள் கொடுக்கும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கைக் காற்று தின்றுவிடுகிறது. அந்தக் காற்றைப் பெரும்பாலும் தடுப்பது வண்டி அல்ல, வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பு. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட, காற்றுக்குக் கொடுக்க வேண்டிய ஆற்றலை முப்பத்து மூன்று விழுக்காடு கூட்ட வேண்டும். இந்தச் சாலையில் 30 இலிருந்து 33 ஆவது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

இதற்கு ஒரு சான்று எனக்கு மிகவும் பிடிக்கும். பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996 இல் மான்செஸ்டர் ஓடுதளத்தில் கைகளை முன்னால் நீட்டிப் படுத்தாற்போல ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் கடந்தார். 2000 இல் அதே தளத்தில், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972 இல் ஓட்டியதைப் போன்ற பழைய வகை வண்டியில், வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டினார். கிடைத்தது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸின் 49.431 ஐ வெறும் பத்து மீட்டரில் தாண்டினார். நான்கு வயது கூடியிருந்தது, உடல் நிலையும் வேறுதான். ஆனாலும் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வித்தியாசத்தை வயதின் கணக்கில் எழுத முடியாது. பெரும்பகுதி உடம்பை வைத்த விதத்திலிருந்தும் அதற்கு இடம் கொடுத்த வண்டியிலிருந்தும் வந்தது. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்து, கைகளை ஒடுக்கி முன்னால் வைக்கும் ஹேண்டில்பாரோடு 24.5 கிலோமீட்டர் ஓட்டி, மொத்தத்தில் 8 விநாடியில் வென்றதும் எல்லோரும் அறிந்தது.

நான் செய்தது மிக எளிது. முதலில் சீட் உயரம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பென்சிலால் சுவரில் கோடு போட்டார். தரையிலிருந்து கோடு வரை 80 சென்டிமீட்டர். அதை 0.883 ஆல் பெருக்கினால் 70.6. பெடல் கைகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த உயரம் வர வேண்டும். எனக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தது. முழங்காலின் முன்பக்க வலி அந்த வாரமே அடங்கியது. அடுத்து உடை. தொளதொளத்த முழுக்கைப் பனியன் 30 கிலோமீட்டர் வேகத்தில் படபடவென்று அடிக்கும் ஒலியே வீணாகும் ஆற்றல்தான். உடம்போடு ஒட்டிய சட்டை போட்டதும் அந்த ஒலி நின்றது. மூன்றாவதாக ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடி. முழங்கையை மடக்கி, தலையைத் தோள்களுக்கு இடையே இறக்கி ஓட்டிப் பார்த்தேன். அதே இதயத்துடிப்பில் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியது. கார்பன் வண்டி சமதளத்தில் இதில் கால்வாசிகூடக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த நிலையில் சில நிமிடங்களுக்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. பிடரி இறுகியது, இடுப்பு எரிந்தது, வயிறு மடிந்ததால் மூச்சு முட்டியது. கண்ணமங்கலம் போய்ச் சேரும்வரை அப்படியே இருக்க வேண்டுமென்றால் முதுகும் கழுத்தும் பழக வேண்டும். மாசி, பங்குனி முழுக்க வீட்டுத் தரையில் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகையாக நீட்டி நிறுத்தும் பயிற்சியும், தொடையின் பின்பக்கத்தை நீட்டும் பயிற்சியும் செய்தேன். வண்டியில் கீழ்ப்பிடி நேரத்தை மெல்லமெல்லக் கூட்டினேன். இப்போது போகும் வழியில் பெரும்பகுதியை அப்படியே ஓட்ட முடிகிறது. உபகரணமா பயிற்சியா என்று எதிரெதிராக நிறுத்திக் கேட்பதே சரியில்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது இங்கேதான். வேகம் தருகிற மிகப் பெரிய உபகரணம் குனிந்த முதுகு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது, பழகித்தான் ஆக வேண்டும்.

தலைகீழாகவும் நடந்தது. பாலமதி ஏற்றத்தில் என்னால் ஒழுங்காகப் பயிற்சியே எடுக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் கால்கள் அல்ல, கியர். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்கள், முன்னால் சிறியதில் 34. மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில் ஏறும்போது நிமிடத்துக்கு அறுபது சுற்றுக்கும் குறைவாகத்தான் பெடல் சுழலும். ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று உடம்பு முழுவதையும் கொடுக்க வேண்டும். நுரையீரல் களைக்கும் முன் தொடை கட்டிக்கொள்ளும். பின்னால் 34 பல் வரை உள்ள கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கரங்களின் தொகுப்பு) அதற்கேற்ற நீளக் கை கொண்ட கியர் மாற்றியையும் கடை அண்ணன் பொருத்திக் கொடுத்தார். இப்போது அதே வேகத்தில் எழுபதுக்கு மேல் சுழல்கிறது. உட்கார்ந்த நிலையிலேயே ஏற முடிகிறது. பயிற்சிக்குக் கதவைத் திறந்துவிட்ட உபகரணம் இது. புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கடுமையான பயிற்சி. நார்வேயில் பணிபுரியும் உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீபன் சீலரும் உடன் பணியாற்றியவர்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களை 4 நிமிடம், 8 நிமிடம், 16 நிமிடம் என்று நான்கு தடவை விரைந்து ஓட்டும் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். எட்டு நிமிடக் குழுவுக்குத்தான் முன்னேற்றம் அதிகம். பாலமதியின் கீழ்ப்பகுதி இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. எட்டு நிமிடம் ஏற்றம், மெதுவாக இறங்கி மூச்சு வாங்குதல், மறுபடி. முதல் எட்டு நிமிடம் சுலபமாக இருக்க வேண்டும், நான்காவது தாங்க முடியாமல் இருக்க வேண்டும். நோட்டில் நான்கு நேரங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அன்று சரியாக ஓட்டியிருக்கிறேன் என்று பொருள். வாரத்தில் இரண்டு காலைகளுக்கு மேல் இதைச் செய்ய உடம்பு இடம் தராது. மற்ற நாட்களில் எங்கள் குழுவின் கல்லூரித் தம்பியோடு வாக்கியத்தை முறிக்காமல் பேசக்கூடிய வேகத்தில் மட்டும் ஓட்டினேன். அந்த மெதுவான நாட்களில் பொறுமை காப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. லாரியின் பின்னால் வரும் ஸ்கூட்டர்கூட நம்மைத் தாண்டிப் போகும்போது மிதிக்கத் தோன்றும்.

அக்கினி நட்சத்திரம் இதற்குள் வந்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு மெல்ல மேலேறிக்கொண்டே போகும். குருதி தோலைக் குளிர்விக்கப் போவதால் கால்களுக்குப் போவது குறைகிறது. ஒரு வியப்பு: சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஆறு விழுக்காட்டுக்கும் மேல் குறையும், அதனால் தடையும் குறையும். வெயிலில் வண்டிக்கு லாபம், உடம்புக்கு நட்டம். பத்து முதல் பதினான்கு நாட்களில் உடம்பு பெரும்பாலும் பழகிவிடும் என்பது எனக்குப் பொருந்தியது. வியர்வை முன்கூட்டியே வந்தது, துடிப்பு சற்று இறங்கியது. மோரில் உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். விடியலுக்கு முன் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். வெயிலில் கடும் பயிற்சி வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆடி முடிந்து, காற்று அடங்கிய ஒரு வாரத்தில் ஏலகிரியில் மறுபடி என் பழைய அலுமினிய வண்டியிலேயே ஏறினேன். தையில் நண்பரின் கார்பன் வண்டியில் ஏறிய நேரத்தைவிடத் தெளிவாகக் குறைவு. எடைக் குறைவைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கால்களே இருபது வாட்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கின்றன. கண்ணமங்கலம் சாலையில் கூடிய வேகத்தில் பாதிக்கு மேல் உட்கார்ந்த நிலையும் டயரும் தந்தது, மீதி பாலமதி தந்தது. நோட்டை எப்படிப் புரட்டினாலும் இந்தப் பங்கீடு அதிகம் மாறவில்லை.

கார்பன் வாங்குகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வண்டியை எனக்குக் கொடுத்த நண்பர் அதை வாங்கிய பிறகுதான் அதிகாலையில் எழத் தொடங்கினார். அழகான வண்டி வாசலில் நிற்கும்போது ஓட்டத் தோன்றுகிறது என்கிறார். அது உண்மை, மதிக்க வேண்டிய காரணம். என் பணம் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கிறது. டயர், கேசட், நல்ல பிரேக் கட்டைகள், ஒட்டிய சட்டை இரண்டு ஆகியவற்றுக்கு எடுத்தது போக மீதி அப்படியே இருக்கிறது.

அடுத்து மாற்றப்போவது ஹேண்டில்பார். என் தோளுக்கு 42 சென்டிமீட்டர் அகலம் அதிகம், 40 போதும் என்று கடை அண்ணனும் சொல்கிறார். கைகள் உள்ளே வந்தால் காற்றுக்குக் காட்டும் மார்பு குறையும், ஆனால் மூச்சுக்கு இடம் போதுமா என்பதைப் பாலமதியில்தான் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சாலை காய்ந்ததும், டயரையும் காற்றழுத்தத்தையும் தொடாமல், இதை மட்டும் மாற்றி மார்கழிக் காலைகளில் அளந்து எழுதுகிறேன்.